பாலாற்றங்கரையில் பழைய தோல் ஷாப்பு நிலம், புதிய அடுக்குமாடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணிப்பேட்டை, வாலாஜாபேட்டை, மேல்விஷாரம், ஆற்காடு என்று பாலாற்றின் இரு கரையிலும் ஓடாமல் நிற்கும் தோல் பதனிடும் ஷாப்புகள் பல. நிலம் ஊருக்குள் வந்துவிட்டது, சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலை பக்கத்தில், சித்தூர் ஒரு மணி நேரம். ஆகவே எல்லோருக்கும் வரும் யோசனை ஒன்றுதான்: இடித்துவிட்டு ஃபிளாட் கட்டலாமே. நிலத்துக்காரர்கள், பில்டர்கள், வாங்க நினைப்பவர்கள் என்னைப் போலக் கட்டட வரைபடம் போடுகிறவர்களிடம் கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். அனுமதி பற்றிச் சொல்வது தமிழ்நாட்டுப் பக்கத்துக்கு மட்டும். மண்ணும் தண்ணீரும் பற்றிச் சொல்வது எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திரத்துக்கும் பொருந்தும்.

“சார், முதல்ல ஆத்தைப் பார்த்த மாதிரி ஒரு பிளான் போட்டுக் கொடுங்க. மண் டெஸ்ட் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.” அப்படிச் செய்யலாமா?

கூடாது. இந்த நிலத்தில் வரிசை தலைகீழ். எந்த மூலையில் என்ன ஊறியிருக்கிறது, 2021 வெள்ளத்தில் தண்ணீர் எந்த மட்டம் வரை வந்தது என்ற இரண்டும் காகிதத்தில் வந்த பிறகுதான் கட்டடம் எங்கே நிற்கும் என்பதே தெரியும். காட்சி நன்றாக இருக்கும் மூலையில்தான் பெரும்பாலும் பழைய கழிவுக் குளம் இருந்திருக்கும். ஆற்றை ஒட்டிய தாழ்வான பக்கம் கழிவு வடியட்டும் என்றுதானே அந்தக் காலத்தில் அங்கே வெட்டினார்கள்! பிளானை முதலில் போட்டு, விளம்பரப் பலகையும் வைத்துவிட்டால், பிறகு மண் அறிக்கை என்ன சொன்னாலும் யாரும் கட்டடத்தை நகர்த்த மாட்டார்கள்.

தோல் ஷாப்பு மண்ணில் அப்படி என்னதான் இருக்கிறது?

எல்லோரும் குரோமியம் என்பார்கள். முதல் எதிரி உப்பு. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பு போட்டுத்தான் ஷாப்புக்கு வரும். அதை ஊற வைத்துக் கழுவிய தண்ணீர் முழுவதும் உப்பு. அதற்கடுத்து சுண்ணாம்புக் குழி. மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்ப்பார்கள். பிறகுதான் தோலைச் சுழற்றும் டிரம்மும், அதில் பதனிடப் போடும் குரோமும். கடைசியில் இவை எல்லாம் சேர்ந்த சேறு, அதோடு உப்புத் தண்ணீரைக் காய வைத்த தொட்டிகள்.

குரோமியத்தில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தோல் பதனிடப் போடுவது மூன்று இணைதிறன் கொண்டது. அது மண்ணோடு ஒட்டிக்கொண்டு அதிகம் நகராது. ஆறு இணைதிறன் கொண்டது தண்ணீரோடு ஓடும், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. சிப்காட் தொழிற்பேட்டை வளாகத்தில் 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன லட்சக்கணக்கான டன் கழிவிலிருந்து மஞ்சள் நீர் கசிவதாக இந்த ஊரே பேசுவது இந்த இரண்டாவது வகையைப் பற்றி. ராணிப்பேட்டை 2006இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்கள் பட்டியலில் ஏறியதும் இந்தப் பின்னணியில்தான்.

ஆனால் “எங்கள் ஷாப்பில் முதல் வகைதான், பயமில்லை” என்றும் விட்டுவிட முடியாது. சுண்ணாம்புச் சேறோடு கலந்த குரோமியத்தைக் காற்றுபட எரித்தால் ஒரு பகுதி ஆறு இணைதிறனுக்கு மாறிவிடும். தோல் துண்டும் சேறும் எரித்த இடம், பாய்லர் சாம்பல் கொட்டிய இடம் இரண்டையும் தனியாகச் சோதிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

எங்கள் ஷாப்பு தாத்தா காலத்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் போட்டார்கள். அப்போது சோதனை தேவையா?

தேவை, ஆனால் கொஞ்சம் நிம்மதியாகச் செய்யலாம். பட்டை பதனிடுதல் மட்டும் நடந்த இடத்தில் உப்பும் சுண்ணாம்பும்தான் முக்கியச் சிக்கல். தமிழ்நாட்டில் குரோம் பெருகியது 1970களுக்குப் பிறகு, அரை பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தியபோது. உங்கள் ஷாப்பு அதற்குப் பிறகும் ஓடியதா, யாருக்காவது வாடகைக்கு விட்டீர்களா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். வாடகைக்கு எடுத்தவர் என்ன போட்டார் என்பது உரிமையாளர் குடும்பத்துக்குத் தெரியாமலே இருக்கலாம்.

மண்ணை எப்படிச் சோதிப்பது? நாலு மூலையில் நாலு போர் போட்டால் போதாதா?

அந்த நாலு போர் கட்டடத்தின் எடையை மண் தாங்குமா என்பதற்கு. மாசு தேடுவது வேறு வேலை.

முதலில் ஆட்களைத் தேடுங்கள். அங்கே வேலை பார்த்த மேஸ்திரி, டிரம் ஓட்டியவர், காவலாளி யாராவது பக்கத்துத் தெருவில் இருப்பார். அவரை நிலத்தில் நடக்க விட்டு, உப்புக் கிடங்கு எங்கே, ஊறல் தொட்டி எங்கே, சேறு எங்கே கொட்டினீர்கள் என்று கேட்டுச் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். லேபுக்குக் கட்டும் பணத்தை விட அந்த ஒரு காலை நேரம் பெறும். இரண்டாவதாகத் தொழிற்சாலை உரிமத்துக்குக் கொடுத்த பழைய வரைபடம். மூன்றாவதாக இணையத்தில் கிடைக்கும் பழைய செயற்கைக்கோள் படங்கள். உப்புத் தண்ணீர் காய வைத்த தொட்டிகள் வெள்ளை வெளேர் என்று கட்டம் கட்டமாகத் தெரியும்.

இந்த மூன்றையும் வைத்து, சந்தேகம் உள்ள இடங்களில் நெருக்கமாகவும் மற்ற இடங்களில் அகலக் கட்டம் போட்டும் மாதிரி எடுக்க வேண்டும். மேல் மண், ஒரு மீட்டர் ஆழம், அதற்கும் கீழே நிலத்தடி நீர் மட்டம் வரை என்று அடுக்கு அடுக்காக எடுப்பது முக்கியம். மேலே நல்ல மண் பரப்பிய நிலம் நிறைய உண்டு. கேட்க வேண்டிய சோதனைகள்: மொத்தக் குரோமியம், ஆறு இணைதிறன் குரோமியம் தனியாக, குளோரைடு, சல்ஃபேட், சல்ஃபைடு, கார அமிலத் தன்மை, மின்கடத்துதிறன். சேறு மாதிரி எது கிடைத்தாலும் கசிவுச் சோதனையும் வேண்டும். அதில் குரோமியம் லிட்டருக்கு 5 மில்லிகிராம் எல்லையைத் தொட்டால் அது அபாயகரக் கழிவு. அதைச் சாதாரண மண் என்று டிப்பரில் ஏற்றி ஊருக்கு வெளியே கொட்டுவது குற்றம்.

கெட்ட மண் கிடைத்துவிட்டது. திட்டமே போச்சா?

போகாது. இங்கேதான் வடிவமைப்பு ஆரம்பமாகிறது.

இரண்டு வழி உண்டு. ஒன்று, தோண்டி எடுத்து அங்கீகரிக்கப்பட்ட அபாயகரக் கழிவுக் கிடங்குக்கு அனுப்புவது. நம் மாநிலத்தில் அதற்கு கும்மிடிப்பூண்டி. லாரி வாடகை, கட்டணம் எல்லாம் சேர்த்தால் நெஞ்சு அடைக்கும். ஆகவே சேறு, மிக மோசமான மண் ஆகியவற்றுக்கு மட்டும் இந்த வழி. இரண்டாவது, இருக்கும் இடத்திலேயே மூடி வைப்பது: களிமண், அதன் மேல் கனமான பிளாஸ்டிக் விரிப்பு, எச்சரிக்கைக்காக அடர்ந்த நிறத் துணி ஒன்று, அதற்கு மேல் சோதித்த நல்ல மண் அல்லது கான்கிரீட் தளம். பின்னாளில் யாராவது குழாய் பதிக்கத் தோண்டும்போது அந்த நிறத்துணி தட்டுப்பட்டால் நிறுத்துவார்கள். ஆறு இணைதிறன் குரோமியம் இருந்தால் மூடுவதற்கு முன் ஃபெரஸ் சல்ஃபேட் போன்றவற்றால் அதை மூன்று இணைதிறனாக மாற்றும் வேலையும் உண்டு. அதை அனுபவம் உள்ள சூழல் பொறியாளர் பார்க்க வேண்டும், கொத்தனார் அல்ல.

இப்போது மண் வரைபடத்தை மேஜையில் விரியுங்கள். மூடி வைக்கும் பகுதியின் மேல் எதுவும் தோண்டக் கூடாது, வேர் இறங்கக் கூடாது, குழந்தை மண்ணைக் கிளறக் கூடாது. அங்கே கார் நிறுத்துமிடம், உள் சாலை, கான்கிரீட் தளம் போட்ட பூப்பந்து மைதானம் வரட்டும். சுத்தமான பகுதியில் கட்டடம், விளையாட்டுத் திடல், மரங்கள். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் பத்து சதவீதம் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். கெட்ட மூலையை அதற்குத் தள்ளிவிடலாம் என்று பில்டர்களுக்கு ஆசை வரும். ஊர்ப் பிள்ளைகள் விளையாடப் போகும் இடம் அது. சுத்தமான நிலத்தைத்தான் அதற்குக் கொடுக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

பேஸ்மென்ட்டில் கார் பார்க்கிங் வைக்கலாமா?

வேண்டாம். தோண்டுவது அத்தனையும் கழிவு மண், இறைப்பது அத்தனையும் உப்புத் தண்ணீர், வெள்ளம் வந்தால் முதலில் நிரம்புவதும் அதுதான்.

பாலாறுதான் வறண்டு கிடக்கிறதே, வெள்ளத்தைப் பற்றி எதற்குக் கவலை?

348 கிலோமீட்டர் ஓடும் ஆறு. நந்தி மலையில் பிறந்து, ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர் நடந்து, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர். ஆண்டில் பெரும்பாலான நாள் மணலும் சீமைக்கருவேலமும்தான் தெரியும். அதனால்தான் ஏமாறுகிறோம். 2021 நவம்பர் 19ஆம் தேதி வாலாஜா அணைக்கட்டில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனது. 1903 வெள்ளத்தை இந்தத் தலைமுறை கதையாகத்தான் கேட்டிருந்தது. அன்றைக்கு நேரில் பார்த்தது.

மேலே பெய்தால்தான் வரும் என்பதும் இல்லை. சித்தூர்ப் பக்கமிருந்து வரும் பொன்னை ஆறு திருவலம் அருகே பாலாற்றில் சேர்கிறது. அங்கே கலவகுண்டா அணை திறந்தால் இங்கே தண்ணீர் ஏறும். நம் வானம் தெளிவாக இருக்கும்போதே ஆறு பெருகலாம்.

ஆகவே முதல் வேலை 2021இன் நீர்மட்டத்தை நிலத்தில் குறிப்பது. பழைய ஷாப்புச் சுவரில் கறை இருந்தால் இடிப்பதற்கு முன் அளந்துவிடுங்கள். இல்லையென்றால் அக்கம்பக்கத்தில் கேளுங்கள், எல்லோர் கைபேசியிலும் அன்றைய வீடியோ இருக்கிறது. அந்த மட்டத்துக்கு மேல்தான் மின் பலகை, ஜெனரேட்டர், லிஃப்ட் மோட்டார், கீழ்த்தொட்டியின் வாய். கழிவுநீர்க் குழாயில் தண்ணீர் திரும்பி ஏறாமல் இருக்க ஒருவழி வால்வு. தரைத்தளத்தில் வீடே வேண்டாம், தூண்கள் மட்டும் நிற்கட்டும், வண்டிகள் நிற்கட்டும்.

தூண் தளத்துக்கு ஓர் எச்சரிக்கை. மேலே எல்லா மாடியிலும் சுவர், கீழே வெறும் தூண் என்றால் நிலநடுக்கத்தில் அந்தத் தளம்தான் முதலில் மடங்கும். நாம் இருப்பது மூன்றாம் நிலநடுக்க மண்டலம். லிஃப்ட், படிக்கட்டு இருக்கும் இடத்தில் கான்கிரீட் சுவர்களைக் கீழிருந்து மேல் வரை கொண்டுபோகச் சொல்லுங்கள். தூணை மட்டும் தடிமனாக்கினேன் என்று யாராவது சொன்னால் கணக்கைக் கேளுங்கள்.

இன்னொன்று, காம்பவுண்டு சுவர். ஆற்றுப் பக்கம் ஆளுயரக் கருங்கல் சுவர் எழுப்பினால் வெள்ளத்தில் ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் ஏறி அது மொத்தமாகச் சாயும். கம்பி வேலியோ, அடியில் திறப்பு விட்ட சுவரோ போதும். வந்த தண்ணீர் போக வழி வேண்டும்.

ஆற்றிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும்?

நீர்நிலையிலிருந்து 15 மீட்டருக்குள் கட்ட வந்தால் அனுமதி மறுக்கவோ நிபந்தனை போடவோ திட்டக் குழுமத்துக்கு அதிகாரம் உண்டு. நீர்வளத் துறை தடையின்மைச் சான்றில் நிலத்தை எந்த மட்டத்துக்கு உயர்த்த வேண்டும் என்றும் எழுதித் தருவார்கள். ஆனால் 15 மீட்டரை எங்கிருந்து அளப்பது என்பதில்தான் சண்டை. மணல் முடியும் இடத்திலிருந்து அளக்காதீர்கள். புல எல்லைப் படத்தில் ஆற்றுப் புறம்போக்கு எங்கே முடிகிறது என்று சர்வேயரை வைத்துக் கல் நட்டு அங்கிருந்து அளங்கள். ஷாப்பு ஓடிய காலத்தில் புறம்போக்குக்குள் நாலு அடி, பத்து அடி என்று நகர்ந்த சுவர்கள் உண்டு. பட்டாவில் இல்லாத இடத்தை பிளானில் காட்டிவிட்டால் அது பின்னாளில் ஃபிளாட் வாங்கியவர் தலையில் விடியும்.

கேரளத்தில் மரடு நகராட்சியில் என்ன நடந்தது என்பது நினைவிருக்கும். காயல் ஓரத்தில் கடலோர ஒழுங்குமுறை விதியை மீறி எழுப்பிய நான்கு குடியிருப்புகளை உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். சட்டம் வேறு, இடம் வேறு. ஆனால் உள்ளூர் அனுமதி கையில் இருந்ததாலேயே கட்டடம் தப்பவில்லை என்ற பாடம் பாலாற்றுக்கும் பொருந்தும்.

என்னைக் கேட்டால் சட்டம் சொல்வதை விட இரண்டு மடங்கு விடுங்கள். அந்த அகலத்தில் கரையைச் செங்குத்துச் சுவராக வெட்டாமல் சரிவாக விட்டு வெட்டிவேர், நாணல், நீர்மருது, புங்கன் வைத்தால் மண்ணையும் பிடிக்கும், மாலையில் நடக்கவும் ஆகும்.

அனுமதிகள் என்னென்ன?

தொழில் உபயோகத்திலிருந்து குடியிருப்புக்கு நில உபயோக மாற்றம். நகர் ஊரமைப்புத் துறையின் திட்ட அனுமதி. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் ஷாப்பு மூடப்பட்டதற்கான பதிவு. மொத்தக் கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதி. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது எட்டு வீட்டுக்கு மேல் என்றால் ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு. சிப்காட் மனை என்றால் முதலில் ஒதுக்கீட்டுப் பத்திரத்தைப் படியுங்கள். அது குத்தகை, தொழிலுக்காகக் கொடுத்தது. நீங்கள் நினைத்தபடி வீடு கட்ட முடியாது.

பில்டிங்கை ஆற்றோடு நீளவாக்கில் வைப்பதா, குறுக்கே வைப்பதா? வாஸ்துவும் பார்க்க வேண்டுமே.

எனக்குப் பிடித்த கேள்வி. ராணிப்பேட்டை, வாலாஜா வட கரை. ஆறு நமக்குத் தெற்கே. ஆற்காடு, மேல்விஷாரம் தென் கரை. அவர்களுக்கு ஆறு வடக்கே. வடக்கே நீர் இருந்தால் உத்தமம் என்று நம்புகிறவர்களுக்கு அக்கரை இனிக்கும். இக்கரைக்காரர்கள் வாசலைக் கிழக்கிலோ வடக்கிலோ வைத்து, ஆற்றைப் பால்கனியில் பார்த்துக்கொள்கிறார்கள். யாருக்கும் மனக்குறை வந்து நான் பார்த்ததில்லை.

வெயில் கணக்கில் வட கரை மோசமே இல்லை. தெற்கு வெயில் உச்சியிலிருந்து விழுவதால் ஜன்னலுக்கு மேல் இரண்டரை அடி சன்ஷேடு போதும். வேலூர்ப் பக்கத்துக் கோடையில் நம்மைக் கொல்வது மேற்கு வெயில். ஆற்றுக்குக் குறுக்கே நீண்ட கட்டடம் வைத்தால் எல்லா வீட்டுக்கும் ஓரக்கண்ணால் ஆறு தெரியும், ஆனால் பாதி வீடுகள் மேற்கு பார்த்து வேகும். ஆற்றோடு இணையாக ஒரே நீளக் கட்டடம் வைத்தால் வெயில் சரி, ஆனால் முன் வரிசைக்கு மட்டும் ஆறு, பின்னால் இருப்பவர்களுக்கும் ஊருக்கும் ஒரு மதில்.

நான் போடுவது இரண்டுக்கும் நடுவே. நீளப் பக்கம் வடக்கு தெற்கு பார்த்த சிறு சிறு கட்டடங்கள், நடுவே நல்ல இடைவெளி, பின் வரிசை முன் வரிசையின் இடைவெளிக்கு நேராக. பின்னால் இருப்பவருக்கும் ஆறும் காற்றும் கிடைக்கும். மேற்கு ஓரத்தில் படிக்கட்டு, லிஃப்ட், குளியலறை. 18.30 மீட்டர் உயரத்துக்குள் நிறுத்திக்கொண்டால் உயர்மாடிக் கட்டட விதிகள் வராது, பராமரிப்பும் குடியிருப்போர் சங்கத்தின் கைக்குள் இருக்கும்.

ஆறு என்றதும் விளம்பரத்தில் நீலத் தண்ணீர் போடுகிறார்கள். வாங்குபவர் பால்கனியில் நின்றால் பத்து மாதம் மணல்தான் தெரியும். அந்த அகன்ற வெளியும் மாலைக் காற்றும் போதுமான அழகு. பொய் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்குள் பற்றி ஒரு வார்த்தை. இங்கே தமிழ், உருது, தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஒரே படிக்கட்டில் ஏறும். பொதுக் கூடத்தோடு தண்ணீர்க் குழாயும் வடிகாலும் உள்ள ஒரு சிமெண்ட் முற்றம் விடுங்கள். பொங்கலுக்கும் ஆகும், பக்ரீத்துக்கும் ஆகும், கல்யாணச் சமையலுக்கும் ஆகும். மொட்டை மாடியில் வடகம் காய இடம் விடாத பிளானை அம்மாக்கள் ஒரு நிமிடத்தில் நிராகரித்துவிடுவார்கள்.

பழைய ஷாப்புக் கட்டடத்தின் செங்கல் அருமையாக இருக்கிறது. திரும்பப் பயன்படுத்தலாமா?

எந்தப் பகுதிச் செங்கல் என்று பாருங்கள். ஊறல் தொட்டி, உப்புக் கிடங்குப் பக்கத்துச் செங்கல் ஊறுகாய் ஜாடி மாதிரி, வருடக்கணக்கில் உப்பை இழுத்து வைத்திருக்கும். அதை வீட்டுச் சுவரில் வைத்துப் பூசினால் ஒவ்வொரு மழைக்கும் உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். அலுவலகக் கட்டடம், காயவைக்கும் கொட்டகையின் மேல் பாகம் இவற்றின் செங்கல், தேக்கு உத்திரம், ஓடு ஆகியவற்றைத் தாராளமாக எடுக்கலாம். புகைபோக்கி உறுதியாக இருந்தால் இடிக்காதீர்கள், அந்த வளாகத்துக்கு அதை விட நல்ல அடையாளம் கிடைக்காது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையை உடைக்காமல், நனைத்து, முழுத் தகடாக இறக்கிச் சட்டப்படி அப்புறப்படுத்த வேண்டும்.

கான்கிரீட்டுக்கு நிலத்திலேயே இருக்கும் போர் தண்ணீரைப் பயன்படுத்தலாமா?

சோதிக்காமல் ஒரு குடம் கூடக் கூடாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு வரைதான் இந்தியத் தரநிலை 456 அனுமதிக்கிறது. தோல் ஷாப்பு போரில் அது சர்வசாதாரணமாகத் தாண்டும். அந்த உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு பருத்து கான்கிரீட்டைப் பிளக்கும். ஐந்தாறு வருடத்தில் பால்கனி அடியில் கம்பி தெரியும்.

மண்ணிலேயே உப்பும் சல்ஃபேட்டும் இருப்பதால் அடித்தளத்துக்கும் கவனம் வேண்டும். கடுமையான சூழல் என்று எடுத்துக்கொண்டால் அதே தரநிலைப்படி எம் 30 கான்கிரீட்டும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடாக்கும் குறைந்தபட்சம். அடித்தளத்தில் 50க்குக் குறையாதீர்கள். சிமெண்ட் வகையைச் சல்ஃபேட் அளவைப் பார்த்துப் பொறியாளர் சொல்லட்டும். தண்ணீர் டேங்கர் செலவு மிச்சம் என்று மேஸ்திரி போரை ஓட்டிவிடுவார். ஆகவே வேலை தொடங்கும் முன்பே அந்த மோட்டாரைக் கழற்றிவிடுவதுதான் நல்லது.

மழைநீர் சேகரிப்புக் குழி எத்தனை போட வேண்டும்?

2003 முதல் நம் ஊரில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அது நல்ல சட்டம். ஆனால் மாசுபட்ட மண்ணில் உறிஞ்சு குழி போட்டால் மழைநீர் கீழே போகும் வழியில் உப்பையும் குரோமியத்தையும் அலசி எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர்க் கிணற்றுக்கு அனுப்பும். ஆகவே இங்கே சேகரிப்பு என்றால் தொட்டி. குழி வேண்டுமானால் சோதனையில் மேலிருந்து கீழ் வரை சுத்தம் என்று தெரிந்த இடத்தில் மட்டும்.

தொட்டி லாபம்தான். நம் பக்கம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை. 1,000 சதுர மீட்டர் மொட்டை மாடியில் இருபது சதவீதம் வீணானாலும் எட்டு லட்சம் லிட்டர். நாலு பேர் குடும்பத்துக்கு நாளைக்கு 540 லிட்டர் என்று வைத்தால், நாற்பது வீட்டுக்கு ஒரு மாதத்துக்கு மேல் வரும். அத்தனையையும் ஒரே நேரத்தில் சேர்த்து வைக்க முடியாது, ஆனால் அடுத்தடுத்த மழைக்கு நிரம்பிக் காலியாகும்.

குடிக்க, காவிரிக் கூட்டுக் குடிநீர் இணைப்பை நம்புங்கள். போர் தண்ணீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது குடிநீர்த் தரம். கரைந்த உப்பு 500க்குள் நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. ஆர்.ஓ. வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். ஆர்.ஓ. கழிக்கும் உப்புத் தண்ணீர் எங்கே போகும் என்று கேளுங்கள்.

கீரை, காய்கறித் தோட்டம் போடலாமா?

தரையில் வேண்டாம். தொட்டியில் அல்லது அடியில் விரிப்பு போட்ட உயர மேடையில், வெளியிலிருந்து வந்த மண்ணில் போடலாம். மரங்கள் சுத்தமான பகுதியில் மட்டும். உப்பு தாங்கும் புங்கனும் வேம்பும் தென்னையும் வரும்.

பழைய குழிகளைச் சுத்தம் செய்ய ஆட்கள் போதுமா?

இதை மட்டும் கத்திச் சொல்ல வேண்டும். மூடிக் கிடக்கும் சேற்றுக் குழியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும். ஒரு மூச்சில் ஆள் விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தெரியுமே என்று நினைக்காதீர்கள், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ஆளை இறக்காதீர்கள். இயந்திரத்தால் உறிஞ்சுங்கள். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்து பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் செத்தார்கள். தேங்கிய சேறு எவ்வளவு எடை, எவ்வளவு விஷம் என்பதற்கு இந்த ஊருக்கு வேறு சாட்சி வேண்டாம். மண் அள்ளும் நாட்களில் தூசி பறக்காமல் தண்ணீர் தெளிக்க வேண்டும், லாரிக்குத் தார்ப்பாய், ஆட்களுக்குக் கையுறை, முகக்கவசம், வீட்டுக்குப் போகும் முன் குளிக்க இடம்.

பக்கத்து ஷாப்பு இன்னும் ஓடுகிறது. ஃபிளாட் வந்தால் அதை மூடிவிடுவார்களா?

அந்த நம்பிக்கையில் கட்டாதீர்கள். ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இத்தகைய புதுத் தொழில்களைத் தடுக்கும் அரசாணை 1989இலிருந்தே உண்டு. ஆனால் அதற்கு முன்பே இருந்து அனுமதியோடு ஓடுவது ஓடிக்கொண்டிருக்கும். அங்கே வேலை பார்ப்பவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான். தென்மேற்குக் காற்றில் நாற்றம் எந்தப் பக்கம் போகிறது என்று ஆடி மாதத்தில் ஒரு மாலை நின்று பாருங்கள். அந்தப் பக்கம் படுக்கையறை ஜன்னல் வைக்காமல் விட்டால் பாதிச் சண்டை குறையும்.

சுத்தம் செய்யும் செலவு யாருடையது?

மாசுபடுத்தியவரே கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் இந்தப் பாலாற்றுத் தோல் ஷாப்புகள் வழக்கில் அறிவித்தது, 1996 ஆகஸ்ட் 28இல். வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கு. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மறுபடி கடுமையாகப் பேசியது. அதே ஆண்டு ஜூலையில் மாசுபட்ட இடங்களை அடையாளம் கண்டு, ஆய்வு செய்து, பொறுப்பானவரிடமே செலவை வசூலிக்க மத்திய அரசு தனி விதிகளும் கொண்டுவந்தது.

நடைமுறையில் நிலம் கை மாறும்போது இந்தச் செலவு விலைக்குள் ஒளிந்துகொள்ளும். பில்டர் நிலத்துக்காரரிடம் குறைத்துக் கேட்பார், நிலத்துக்காரர் “மண் நல்ல மண்” என்பார். ஆகவே கூட்டு ஒப்பந்தம் போடும் முன்பே மண் அறிக்கை எடுங்கள். யார் எடுப்பது, கெட்ட மண் கிடைத்தால் யார் பங்கு எவ்வளவு என்று பத்திரத்தில் எழுதுங்கள். எழுதாமல் விட்ட இடத்தில்தான் அண்ணன் தம்பிக்குள்ளேயே வழக்கு வருகிறது.

நான் வாங்குபவன். சதுர அடி விலை குறைவாகச் சொல்கிறார்கள். என்ன கேட்க வேண்டும்?

மாதிரி எடுத்த இடங்கள் குறித்த மண் அறிக்கை, மூடி வைத்த பகுதி எது என்று காட்டும் வரைபடம், கழிவை அனுப்பியதற்கான கிடங்கு ரசீதுகள், நீர்வளத் துறைச் சான்றில் எழுதிய மட்டம், அந்த மட்டத்துக்கு மேல் மின் பலகை இருக்கிறதா என்பது. ரெரா எண்ணைக் கேட்டு இணையத்தில் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். இந்த ஐந்தையும் கேட்பவர் குறைவு. “அதெல்லாம் எதுக்கு சார், பேங்க் லோனே கொடுக்குது” என்று பதில் வந்தால், பேங்க் பத்திரத்தைப் பார்க்கிறதே தவிர மண்ணைத் தோண்டிப் பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டு வாருங்கள். அறிக்கையை மேஜையில் எடுத்து வைத்து, இந்த மூலையில் குரோமியம் இருந்தது, இப்படி மூடினோம், மேலே கார் நிறுத்துகிறோம் என்று காட்டுபவரிடம் வாங்கலாம். குடியேறிய பிறகு அந்த வரைபடத்தின் ஒரு பிரதியைச் சங்கத்தின் அலமாரியிலும் ஒன்றைப் பிளம்பர் கையிலும் கொடுத்து வையுங்கள்.